திட்டோணும்னா நின்னு திட்டு கண்ணு

நீ அனுப்புன வீடியோவ உன்ற தங்கச்சி போன்ல போட்டுக் காட்டினா. ஒருக்காப் பாத்துட்டு உடல. நிறுத்தி நிறுத்தி, பின்னால தள்ளித் தள்ளிப் பாத்தேன். தலைக்கவசத்து மேல கேமராவ ஒட்ட வெச்சுக்கிட்டு சைக்கிள் ஓட்டற பேரன் எத்தன பேத்துக்கு வாய்க்கும்? கோயமுத்தூரு ரேஸ்கோர்ஸ்ல வெடியால நடக்கப் போற சனங்க அத்தன பேரையும் நான் இங்க தாராவரத்துப் பக்கம் திண்ணையில உக்காந்தே பாத்துப்புட்டேன். நெம்ப சந்தோசம் சாமி.

அதுல ஒரு பெரியவரு. வெள்ளப் பனியன், அரை டவுசரு, ரெண்டு காதுலயும் என்னத்தையோ சொருகியிருக்கறாரு. முன்ன பின்ன பாக்காம வெடுக்குன்னு குறுக்க வர்றாரு. நீ "யோவ்"ங்கற. அவரு தெகச்சுப் போயி நிக்கறாரு. நீ வளச்சு ஓட்டிக்கிட்டே இன்னும் என்னமோ சொல்லிக்கிட்டுப் போற. அப்பறம் வீடியோவுல வெறும் ரோடும் உன்ற மூச்சிரைப்பும்தான். கீழ எழுதியிருக்கற: "இந்த மாதிரி ஆளுங்கள என்னங்க அப்பாரு பண்றது?"

கேட்டுப்போட்டயல்ல. இருந்து முழுசாக் கேளு.

மொதல்ல உன்ற திட்டு. அதுல நெம்பக் குறை இருக்குது. கோவப்படாதேன்னு சொல்ல வரல. நம்ம வம்சத்துல கோவம் ஒண்ணுதான் பாகம் பிரிக்காம வந்த சொத்து, மத்ததெல்லாம் பங்காளிக கைக்குப் போயிருச்சு. அந்தச் சொத்தப் போயி இப்படிக் காத்துல கரைக்கறயேன்னுதான் எனக்கு வெசனம். நீ மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துல போறேன்னு வீடியோ ஓரத்துலயே காட்டுது. தங்கச்சிகிட்டக் கணக்குப் போடச் சொன்னேன். நொடிக்கு ஏழு மீட்டராம். நல்லதா ஒரு திட்டுன்னா என்ன? ஆளக் கூப்பிடோணும், அவரு செஞ்சது இன்னதுன்னு எடுத்துச் சொல்லோணும், கண்ணு எங்க இருக்குதுன்னு விசாரிக்கோணும், கடைசில அவங்க வம்சத்தையும் கொஞ்சம் தொட்டு முடிக்கோணும். அவசரத்துலயும் நாலு நொடி புடிக்கும். அதுக்குள்ள நீ 28 மீட்டரு அக்கட்டால போயிருவ. அந்தப் பெரியவரு காதுல உழுந்தது "யோவ்" மட்டுந்தான். அதும் காதுல சொருகியிருந்தத மீறி உழுந்திருந்தா. மிச்சத் திட்டு அத்தனையும் வாங்குனது உனக்கு முன்னால போயிட்டிருந்த பால்காரன். அவன் திரும்பித் திரும்பிப் பாக்கறான், பாவம். நீ கவனிக்கல, நான் கவனிச்சேன்.

ஆகமொத்தம், ஒருத்தர முழுசா, மனசுல படறாப்புல திட்டோணும்னா சைக்கிள நிறுத்தியாகோணும். நிறுத்தோணும்னா முன்கூட்டியே பிரேக் புடிச்சிருக்கோணும். முன்கூட்டியே புடிச்சிருந்தா அவரு பாட்டுக்குக் கடந்து போயிருப்பாரு, திட்டறதுக்கு அங்க சோலியே இருந்திருக்காது. இதுல எங்கயோ ஒரு முடிச்சு இருக்குது. நீ என்ஜினீயரிங் படிச்சவன், அவுத்துப் பாரு.

ஏன் பிரேக் புடிக்கலன்னும் எனக்குத் தெரியும். சராசரி கொறஞ்சிரும். இன்னாரு இந்த ரோட்ட இத்தன நிமிசத்துல ஓட்டினாருன்னு போன்ல வரிசை போட்டுக் காட்டுமாமே, அதுல எவனோ ஒருத்தன் உன்னைய முந்திருவான். அது ஒரு பக்கம். இன்னொண்ணு, காலு நோக மிதிச்சுச் சேத்த வேகத்த, யாருன்னே தெரியாத ஒருத்தருக்காக உட மனசு வராது. நியாயந்தான். அதையும் தங்கச்சிகிட்டக் கேட்டேன். ஆளும் வண்டியுமா 90 கிலோ, நின்ன எடத்துல இருந்து மறுக்கா 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மிதிச்சுக் கொண்டு போக ஒடம்புக்கு எவ்வளவு தீனி வேணும்? அந்தப் புள்ள என்னென்னமோ பெருக்கி வகுத்துப் பாத்துட்டு ரெண்டு கலோரிங்கறா. ஒரு கடலக்காயப் பருப்பு முழுசாக்கூட வேண்டியதில்லையாம் கண்ணு. நம்ம காட்டுல இந்த வருசம் கடலக்கா நல்ல மகசூல். ஒரு மூட்ட ஏத்தி உடறேன். வருசம் பூரா நின்னு நின்னு போ.

உன்ற சைக்கிள் வெலையக் கேட்டு உன்ற அப்பத்தா இன்னும் தெளியல. அந்தக் காசுக்கு ஒரு காங்கேயம் காளக்கன்னு புடிச்சிருக்கலாம்னு சொல்லிக்கிட்டே இருக்கறா. நான்தான், அதுல டிஸ்க் பிரேக் இருக்குது ஆத்தா, காளைக்கு அது கிடையாதுன்னு சமாதானம் சொன்னேன். அந்த பிரேக்க நீ தொடறதே இல்லைங்கறத அவகிட்ட இன்னும் சொல்லல. எங்க காலத்து ஹெர்குலஸ்ல கம்பி பிரேக்கு. மழ பேஞ்சு ரிம்மு நனஞ்சா பிரேக்குன்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துபோட்டு செருப்புக் கால ஊனோணும். அதனாலயே அம்பது அடிக்கு முன்னாலயே எவன் எந்தப் பக்கம் திரும்புவான்னு கண்ணு தேடிக்கிட்டே இருக்கும். உனக்கு நல்ல பிரேக்கு வந்ததும் கண்ணுக்கு சோலி போயிருச்சு.

நல்ல பிரேக்குன்னாலும் கணக்கு ஒண்ணு உண்டு. இருவது கிலோமீட்டர் வேகத்துல போறவன், ஆளப் பாத்து, அட வர்றானேன்னு மனசுல வாங்கி, வெரலு பிரேக்குக்குப் போறதுக்கே ஒரு நொடி. அதுக்குள்ள அஞ்சரை மீட்டர் போயாச்சு. அதுக்கப்பறம் சக்கரம் நிக்க இன்னும் ஒரு நாலு மீட்டர். ஒட்டுக்காப் பத்து மீட்டர் வெச்சுக்க. அதுவே பத்து கிலோமீட்டர் வேகம்னா நாலே மீட்டர்ல நின்னுக்கலாம். சனம் இருக்கற எடத்துல பாதி வேகத்துல போனா, பாதிக்கும் கொறவான தூரத்துல நிக்கலாம். இத நான் சொல்லல, உன்ற புத்தகம் சொல்லுது.

இனி அந்தப் பெரியவரு விசயத்துக்கு வாரேன். அவரு ஏன் பாக்கல? சனங்க ரோட்டக் கண்ணால கடக்கறாங்கன்னு நீ நெனச்சுக்கிட்டிருக்கற. காதாலதான் கடக்கறாங்க சாமி. டவுன் பஸ்ஸு வந்தாத் தரை அதிரும். லாரிக்கு ஹாரன் இருக்குது. புல்லட்டு வர்றது பக்கத்துத் தெருவுக்கே கேக்கும். சத்தம் இல்லைன்னா வண்டி இல்லைன்னு காலு தானா ரோட்டுல எறங்கிரும். எல்லா ஊருலயும் அப்படித்தான். நீ என்னடான்னா அத்தன காசு குடுத்து, துளி சத்தம் இல்லாத வண்டியா தேடி வாங்கியிருக்கற. பத்தாததுக்கு பெல்லையும் கழட்டிப் போட்டயாமே? எடையாம்! அந்தப் பெல்லு ஒரு நாப்பது அம்பது கிராம் இருக்குமா? பொங்கலுக்கு வந்துட்டுப் போனப்ப உன்ற இடுப்புல ஏறுனது எத்தன கிராம்னு நான் கேக்க மாட்டேன். நீயும் பெல்லப் பத்திப் பேசாம மறுக்கா மாட்டீரு.

பெல்லு வர்ற வரைக்கும் ஒரு கைவேலை சொல்றேன். ஆளப் பாத்ததும் மிதிக்கறத நிறுத்து. பின்சக்கரத்துல "கிர்ர்ர்"னு ஒண்ணு கேக்கும். உன்ற மாதிரி வெல கூடுன வண்டில அது இன்னும் நல்லாவே கேக்கும். முன்னால போறவங்க என்னமோ வருதுன்னு தானா ஒதுங்குவாங்க. பெல்லடிச்சாச் சில பேருக்கு ரோசம் வரும், இந்தச் சத்தத்துக்கு வராது. அவங்க ஒதுங்காட்டியும் வேகம் கொறஞ்சிருக்கும். எந்தப் பக்கம் பாத்தாலும் உனக்கு லாபம்.

அப்பறம் கண்ணு, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாத்தேன்னு சொன்னனல்ல. அந்தப் பெரியவரோட மூஞ்சிய நீ பாத்த, நான் தரையப் பாத்தேன். தார் ரோடு கறுப்பா இருக்கோணும். உன்ற சக்கரத்துக்குக் கீழ கல்லு பாவுன தரையா இருக்குதே? ரேஸ்கோர்ஸ்ல சனங்க நடக்கறதுக்குன்னு சுத்தியும் போட்டிருக்கறாங்களே, அது மேலயா உட்டுட்டிருந்த? பெரியவரு உன்ற தடத்துல குறுக்க வந்தாரா, நீ அவரு தடத்துல நெடுக்க வந்தயா?

பதில் சொல்ல வேண்டாம். எனக்கே தெரியும். ரோட்டுல காருக்காரன் ஒரசறான், பஸ்ஸுக்காரன் ஓரங்கட்டறான், உசுருக்குப் பயந்து மேல ஏறிட்ட. தப்புன்னு சொல்ல மாட்டேன். காருக்காரன் உனக்கு அடிச்ச ஹாரன அப்படியே அலுங்காமக் கொண்டுபோயி அந்தப் பனியன் பெரியவருகிட்ட எறக்கி வெச்சுட்டு வந்திருக்கற, அவ்வளவுதான். அவருகிட்ட ஒரு நாய்க்குட்டியோ, தள்ளுவண்டியோ இருந்திருந்தா அவரும் யாருகிட்டயாவது எறக்கியிருப்பாரு. ஒண்ணும் இல்லாம வெறுங்கைய வீசிட்டு நடந்தாரு, அதனால அவருகிட்டயே நின்னு போச்சு.

இந்தச் சண்டைய நீதான் ஆரம்பிச்சேன்னு பெருமைப்படாத. தங்கச்சி படிச்சுக் காட்டினா. ஜெர்மனில திரைஸ்னு ஒரு தொரை, 1817ல பெடலே இல்லாத ரெண்டு சக்கர மரவண்டி செஞ்சு, ரெண்டு காலையும் தரையில ஊனித் தள்ளிட்டுப் போனாராம். மன்ஹைம்னு ஊரு. ரோடெல்லாம் குதிரவண்டித் தடமும் குழியுமா இருந்திருக்கும்போல. வழுவழுன்னு இருக்குதேன்னு நடக்கறவங்க பாதையில ஏத்தி ஓட்டியிருக்கறாங்க. அந்த வருசம் முடியறதுக்குள்ளயே, நடைபாதையில இத ஓட்டப்படாதுன்னு ஊருல தடை போட்டுட்டாங்களாம். பாத்துக்க, சைக்கிளுக்குப் பெடல் வர்றதுக்கு முன்னாலயே தடை வந்திருச்சு. அப்பறம் 1842ல ஸ்காட்லாந்துல, கிளாஸ்கோ டவுன்ல, ஒரு ஆளு நடைபாதையில வண்டிய உட்டுக்கிட்டு வந்து ஒரு சின்னப் புள்ளயத் தட்டி உட்டுட்டாரு. கோர்ட்டுல அஞ்சு ஷில்லிங் அபராதம். ஊருப் பேப்பர்லயும் வந்துச்சாம். அவருதான் மொதல்ல மிதிக்கற சைக்கிள் செஞ்ச மாக்மில்லன்னு சிலபேரு சொல்றாங்க, அதெல்லாம் இல்லைன்னு சிலபேரு சொல்றாங்க. நீ அன்னைக்கு அங்க இருந்திருந்தா, "பாப்பா கவனமில்லாம நின்னுச்சு"ன்னு வீடியோ எடுத்துக் குடுத்து அந்தாளக் காப்பாத்தியிருப்ப.

சரி, ரேஸ்கோர்ஸ உட்ரு. கிராஸ்கட் ரோட்டுல, நூறடி ரோட்டுல நட்ட நடுத் தார் ரோட்டுலயே நடக்கறாங்களே, அது யாரு தப்புங்கற. அதும் கேக்க வேண்டிய கேள்விதான். நான் போன தடவ உன்ற ஊட்டுக்கு வந்தப்ப காந்திபுரம் பஸ் ஸ்டேண்டுல இருந்து நடந்து பாத்தேன். நடைபாதை இருக்குது, இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. அது மேல ஒரு டிரான்ஸ்பார்மர், அதுக்குப் பக்கத்துல நாலு பைக்கு, அடுத்தாப்புல கடைக்காரரு வெச்ச போர்டு, அதைத் தாண்டினா மூடி இல்லாத சாக்கடை. ஏறி எறங்கி ஏறி எறங்கி என்ற மொழங்காலு ரெண்டும் கழண்டு போச்சு. அப்பறம் நானும் ரோட்டுல எறங்கித்தான் நடந்தேன். பின்னால ஒருத்தன் பெல்லடிச்சான். நான் திரும்பியே பாக்கலையே! நான் எறங்குனது அவனோட ரோட்ட மறிக்கறதுக்கில்ல, போக வேற எடமில்லாமத்தான்.

உங்க கோயமுத்தூரு டாக்டரு ஒருத்தரு, கங்கா ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் எஸ்.ராஜசேகரன், ரோட்டுல அடிபட்டு வர்றவங்களப் பாத்துப் பாத்துச் சலிச்சு, 2012ல சுப்ரீம் கோர்ட்டுல பொதுநல வழக்குப் போட்டாரு. அந்த வழக்குலதான் 2025 மே மாசம் கோர்ட்டு சொல்லுச்சு: தடங்கல் இல்லாத நடைபாதைங்கறது அரசியல் சட்டத்தோட 21ஆம் பிரிவுல வர்ற உசுரு வாழற உரிமையோட சேந்ததுன்னு. கண்ணு தெரியாதவங்க, சக்கர நாற்காலில போறவங்க எல்லாரும் போறாப்புல இருக்கோணும்னும் சொல்லியிருக்குது. அந்தப் பனியன் பெரியவரு சட்டப்படி நடக்கறாரு கண்ணு. உசுரு வாழற உரிமையில நடக்கறாரு. நீ சராசரி வேகத்துல போற. எது பெருசுன்னு நீயே ஒரு வழக்குப் போட்டுப் பாரு.

இன்னொரு கணக்கையும் சொல்லிப்போடறேன், இதுல கிண்டல் இல்ல. 2022ஆம் வருசம் இந்த நாட்டுல ரோட்டு விபத்துல செத்தவங்க 1,68,491 பேருன்னு மத்திய அரசே கணக்குச் சொல்லியிருக்குது. அதுல 32,000க்கு மேல நடந்து போனவங்க. சைக்கிள்ல போனவங்க 4,800க்கு மேல. இவங்க ரெண்டு கூட்டத்தையும் அடிச்சது பெரும்பாலும் என்ஜின் வெச்ச வண்டிதான். நீயும் அந்தப் பெரியவரும் ஒரே பட்டியல்ல மேலயும் கீழயும் இருக்கறவங்க. உங்களுக்குள்ள சண்டை நடக்கறத காருக்குள்ள ஏ.சி. போட்டு உக்காந்து ஒருத்தரு வேடிக்க பாத்துட்டுப் போறாரு.

இனி, குறுக்க வர்றவங்கள எப்படித் தாண்டறதுன்னு சொல்றேன், இதக் காசு குடுத்தாலும் அங்க யாரும் சொல்லித்தர மாட்டாங்க. இட்டேரில பட்டியாடு எதுக்கால வர்றப்ப ஊடால சைக்கிள் உட்டவனுக்கு ரேஸ்கோர்ஸ் ஒண்ணுமே இல்ல. ஆட்டுக்கும் மனுசனுக்கும் நடக்கறதுல ஒரே புத்திதான்: வெச்ச காலு முன்னாலதான் போகும். அதனால ஆளோட மூஞ்சிக்கு முன்னால பூந்து போகப் பாக்காத, முதுகுக்குப் பின்னால போ. அவரு நடக்க நடக்கப் பின்னால தடம் தானா தொறக்கும். ஆனா ஒண்ணு, அப்படிப் பின்னால போறேன்னு முடிவு பண்ணிட்டா, கிட்டக்கப் போயி பெல்லடிக்காத. கிட்டக்க அடிச்சா ஆளு பதறி ரெண்டடி பின்னால வெப்பான், நேரா உன்ற சக்கரத்துக்கு. அடிக்கறதா இருந்தா இருவது முப்பது அடி தூரத்துலயே ஒருக்கா அடிச்சுட்டு உட்ரு. அதுக்கு அவங்க ஒதுங்கலைன்னா காது கேக்கலைன்னு அர்த்தம். காது கேக்காதவங்ககிட்ட மறுக்கா மறுக்கா பெல்லடிச்சு உனக்கு என்ன ஆகப் போகுது?

சோடியாப் போறவங்க இருக்கறாங்களே, அது தனிக் கெரகம். பெல்லக் கேட்டதும் ஒருத்தர் இந்தப் பக்கம், ஒருத்தர் அந்தப் பக்கம் ஒதுங்குவாங்க. அடடா தடம் உட்டாங்கன்னு நடுவால பூந்தயோ, தொலஞ்ச. புருசன் அந்தப் பக்கம் நின்னுட்டானேன்னு அந்தம்மா ஓடி வரும், பொண்டாட்டி தனியா நிக்கறாளேன்னு அவன் இங்க ஓடி வருவான். கல்யாணம் ஆயி ரொம்ப வருசம் ஆனவங்கன்னா அந்தப் பயம் இல்ல, அவங்கவங்க நின்ன எடத்துலயே நின்னுக்குவாங்க. தாயும் புள்ளையும்னா எப்பவுமே ஊடால போகாத. புள்ள எந்தப் பக்கம் நின்னாலும் அம்மாகிட்டத்தான் ஓடும், வண்டிகிண்டி எதையும் பாக்காது.

பஸ்ஸு நின்னுதுன்னா எடப்பக்கம் சந்து இருக்குதேன்னு பூராத. வாசப்படி அந்தப் பக்கந்தான் இருக்குது. கூடையத் தலைல வெச்சுக்கிட்டு எறங்கற அம்மாவுக்குக் கீழ படி தெரியும், நீ தெரிய மாட்ட.

உங்க ஊரு பேக்கரிக்குன்னு தனியா ஒரு சட்டமே போடலாம். டீ குடிக்கறதுக்கு உள்ள மேசை போட்டு வெச்சிருந்தாலும், கிளாஸக் கையில புடிச்சுக்கிட்டு ரோட்டுல நின்னு குடிச்சாத்தான் கோயமுத்தூருக்காரனுக்கு எறங்கும். ஒரு கையில டீ, இன்னொரு கையில தேங்கா பன்னு, முதுகு ரோட்டப் பாத்து. இவங்களுக்குப் பெல்லடிக்கவே அடிக்காத. சுடுற டீயோட திடுக்குன்னு திரும்புவான், பாதி அவன் மேல, பாதி உன்ற மேல. நாலடி தள்ளிச் சுத்திக்கிட்டுப் போ. இல்லைன்னா எறங்கி நீயும் ஒரு டீ குடி. அப்ப உன்ற முதுகும் ரோட்டப் பாத்துதான் இருக்கும், நானே எழுதித் தாரேன்.

ஒப்பணக்கார வீதில தீவாளி சமயத்துல, மாசி மாசம் கோனியம்மன் தேரு ராஜவீதில வர்றப்ப, சைக்கிள் உடறதுன்னே பேசாத. ஊட்டுல பூட்டி வெச்சுட்டுப் போ, இல்லைன்னா எறங்கித் தள்ளு. எறங்கித் தள்ளறதுல ஒரு கேவலமும் இல்ல. எங்க செட்டு ஆளுங்க பாதி வயச சைக்கிளத் தள்ளித்தான் கழிச்சோம். அப்ப சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்டோணும். ராத்திரி வெளக்கு இல்லாமப் போனா, டபுள்ஸ் போனா, போலீஸ்காரரு கைய நீட்டி நிறுத்தி ரெண்டு சக்கரத்துலயும் காத்தப் புடுங்கி உட்டுருவாரு. அபராதம் ஒண்ணும் இல்ல, ஆனா ஊடு வர்ற வரைக்கும் தள்ளிக்கிட்டே வரோணும். அப்படித் தள்ளிக்கிட்டு வர்றப்ப பின்னால இருந்து எவனாவது பெல்லடிச்சா வரும் பாரு ஒரு கோவம்! தடமே அப்பன் ஊட்டுச் சொத்துன்னு நெனப்பானுகன்னு முணுமுணுத்துக்கிட்டே, வேணும்னே நடுவால தள்ளிக்கிட்டு வருவோம். இப்ப காத்தப் புடுங்கற போலீஸ்காரரும் இல்ல, வில்லையும் இல்ல. கேமரா மாட்டி ஓட்டறவங்களுக்கு மட்டுமாவது மாசம் ஒருக்கா காத்தப் புடுங்கி உட்டா தேவலைன்னு எனக்குத் தோணுது.

அப்படியும் ஒரு நாளைக்கு யாரையாவது தட்டிப்போட்டேன்னு வெச்சுக்க. வாய்ல நல்லது வருட்டும், இருந்தாலும் சொல்லி வெக்கறேன். எறங்குனதும் உன்ற கண்ணு சைக்கிள் பக்கம் போகும். போக உடாத. கியரு வளஞ்சுதா, பெயிண்டு போச்சான்னு நீ குனிஞ்சு பாக்கறத சுத்தி நிக்கற பத்துப் பேரும் பாப்பாங்க. மொதல்ல கீழ உழுந்தவங்களப் பாரு, எங்க அடின்னு கேளு. வயசானவங்க ஒண்ணுமில்ல சாமின்னு எந்திரிச்சு நடந்துருவாங்க. நம்பாத. இடுப்பெலும்பு அடி சில சமயம் சித்த நேரம் கழிச்சுத்தான் தெரியும். ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, அவங்க ஊட்டுக்கு போன் போடு. யாரு மேல தப்புங்கற பஞ்சாயத்த டாக்டரு பாத்து முடிச்ச பொறகு வெச்சுக்கலாம். அதுக்குள்ள நீயும் அவங்க மகனும் சொந்தக்காரரு ஆயிருப்பீங்க.

இத்தன சொல்லியும் உனக்கு மனசு ஆறாதுன்னு தெரியும். "அவங்க மேல தப்பே இல்லீங்களா அப்பாரு? போனப் பாத்துக்கிட்டே நடக்கறாங்களே"ன்னு கேப்ப. இருக்குது. நெறைய இருக்குது. போன சித்திரையில தாராவரத்துல பஸ்ஸ உட்டு எறங்கி ஒரு பையன் போனப் பாத்துக்கிட்டே ரோட்டக் குறுக்கால கடந்தான். நான் எதுத்த பக்கம் டீக்கடையில நின்னு பாத்துட்டே இருந்தேன். டி.வி.எஸ். ஐம்பதுல பின்னால தேங்கா மூட்ட கட்டிக்கிட்டு வந்த ஒரு பெரியவரு, கிறீச்சுன்னு புடிச்சு, ரெண்டு காலையும் ஊனி நின்னாரு. ஹாரன் அடிக்கல. ஒரு வார்த்த பேசல. பையன் போன்ல என்னமோ சிரிச்சுக்கிட்டே அக்கட்டால போயிச் சேந்தான், தலையத் தூக்கியே பாக்கல. பெரியவரு வண்டிய எடுத்து என்ற பக்கம் வந்து, "உங்க பேரனுங்களா? நெம்ப படிக்கறாப்புல இருக்குதுங்களே"ன்னாரு. "ஆமாங்க, நடக்கறப்பக்கூட படிச்சுக்கிட்டேதான் நடப்பான்"னேன். அவரு சிரிச்சுப்போட்டுப் போயிட்டாரு. அவரு மண்டையில கேமரா இல்ல, அதனால உனக்கு இது இத்தன நாளாத் தெரியாது.

கோவம் வந்தே தீரும்னா அதுக்கும் எடம் இருக்குது. அந்த நடைபாதை மேல நிக்கற பைக்கையும் போர்டையும், மூடி இல்லாத சாக்கடையையும் உன்ற கேமராவுல புடிச்சு மாநகராட்சிக்கு அனுப்பு. மனு எழுதறதுன்னா எனக்கு போன் போடு, நெலத் தகராறுல எழுதி எழுதி எனக்கு மனு பாங்கா வரும்.

அடுத்த மாசம் மாரியம்மன் நோம்பிக்கு சைக்கிள்லயே வாரேன்னு சொன்னயாமே. வா சாமி. மெயின் ரோட்டுல இருந்து நம்ம தோட்டத்துக்கு வர்ற இட்டேரி உனக்குத் தெரியும், ரெண்டு பக்கமும் கிளுவ வேலி, ஒதுங்க எடம் கிடையாது. பொழுதோட உன்ற அப்பத்தா எருமையப் புடிச்சுக்கிட்டு நட்ட நடுவாலதான் வருவா. எருமைக்கும் காது மந்தம், அவளுக்கும் காது மந்தம், ரெண்டும் அவசரப்பட்டதா சரித்திரம் இல்ல. பின்னால வந்து பெல்லடிச்சுப் பாரு, இல்லைன்னா அந்த "யோவ்"வச் சொல்லிப் பாரு. அவ கையில கம்பு இருக்கும். கேமராவ மறக்காம மாட்டிட்டு வா, நானும் உன்ற தங்கச்சியும் வீடியோ பாக்கோணும்.